கொள்ளைநோயும் அடைபட்ட பாதைகளும்

வீட்டுக்குக் கதவு உண்டு. கோட்டைக்கும் கதவு உண்டு. காட்டுக்குக் கதவு உண்டா? இல்லை என்றே எவரும் சொல்வர். ஆயினும் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் போலந்து நாட்டின் அரசாங்கக் காடுகள் அத்தனையும் ஒரே அறிவிப்பினால் பூட்டப்பட்டன. அந்நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் மூன்று பங்கு காடு. அதில் ஏறத்தாழ 70 லட்சம் ஹெக்டார் அரசாங்கக் காட்டு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஓய்வு நாளில் கூடையும் கையுமாகக் காட்டுக்குள் நுழைந்து காளான் பறிப்பதும், பழம் பொறுக்குவதும், குழந்தைகளோடு நடப்பதும் போலந்து மக்களுக்குப் பரம்பரை வழக்கம். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட காட்டுக்குள் ஏப்ரல் 11 வரை ஒருவரும் கால் வைக்கலாகாது என்றனர். பிறகு அத்தடையை 19 வரை நீட்டினர். அவ்வாண்டின் ஈஸ்டர் திருநாள் இந்தத் தடைக்குள்ளேயே வந்து போயிற்று.

காரணம் யாவரும் அறிந்ததே. கொரோனாக் கிருமி உலகெங்கும் பரவிய வேளை அது. மலேசியாவில் மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, விடியற்காலையில் குன்றேறிப் பழகியவர்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டதை இங்குள்ள வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பிரான்ஸ் நாட்டில் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு மணி நேரத்துக்குள் உலாவித் திரும்ப வேண்டும் என்று விதித்தனர். காடுகள் மே 11 வரை பல பகுதிகளில் மூடியே கிடந்தன.

மக்கள் நெருங்கி வாழும் தெருவை அடைத்தால் நியாயம் விளங்குகிறது. மரங்களுக்கிடையே செல்லும் ஒற்றையடிப் பாதையை அடைப்பதன் நியாயம் என்ன? 2020இல் பல நாடுகளில் இக்கேள்வி எழுந்தது. ஆனால் அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தில் இதே கேள்வி எழுந்து, பெருஞ்சேதத்துக்குப் பிறகு ஒருவாறு விடையும் காணப்பட்டிருந்தது. அந்தக் கதை நம்மவர்களிடையே அதிகமாகப் பேசப்பட்டதில்லை.

இங்கிலாந்தில் பொதுப்பாதை என்பது ஒரு விசித்திரமான உடைமை. நிலம் ஒருவருடையது, அதன் குறுக்கே நடந்து செல்லும் உரிமை ஊராருடையது. ரப்பர்த் தோட்டத்தின் ஊடே அடுத்த தோட்டத்துக் கோயிலுக்குப் போகும் குறுக்கு வழியை எண்ணிக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தோட்டத்துக் குறுக்கு வழி பெரும்பாலும் நிர்வாகத்தின் தயவு. இங்கிலாந்துப் பாதையோ உரிமை. நிலச்சொந்தக்காரர் அதன் குறுக்கே வேலி போட்டால் குற்றவாளி அவரே. இத்தகைய பாதைகள் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 1,18,000 மைல் நீளம் இருக்கின்றன.

இந்த உரிமை தானாக வந்ததன்று. 1604 முதல் 1914 வரை பார்லிமெண்டு 5,200க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை இயற்றி, ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர் பொதுநிலத்தை வேலிக்குள் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் இது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஊர் மாடு மேய்ந்த வெளியும், ஏழை விறகு ஒடித்த காடும் இவ்வாறு தனியார் சொத்தாயின. லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டின் ஒரு பெரும் பகுதியையும் அவ்வாறே அடைக்க முற்பட்டனர். அக்காட்டோரத்து லவுட்டன் கிராமத்தாருக்கு, நவம்பர் 11ஆம் நாள் இரவு முதல் ஏப்ரல் 23 வரை மரக்கிளைகளைத் தறித்து விறகாக்கிக்கொள்ளும் வழக்குரிமை இருந்தது. வேலி வந்த பிறகும் தாமஸ் வில்லிங்கேல் என்னும் கூலித் தொழிலாளி கோடரியோடு உள்ளே போனார். 1866இல் அவருடைய குடும்பத்தார் சிறைக்குப் போயினர். வழக்கு வளர்ந்தது. கடைசியில் ஏழைகளின் பக்கம் வந்து நின்றது லண்டன் மாநகராட்சி. அதற்கு வாய்ப்பளித்ததும் ஒரு வேடிக்கையான உண்மை. மாநகராட்சி இடுகாட்டுக்கென்று வாங்கியிருந்த பண்ணை நிலத்தோடு எப்பிங் காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது! அந்த உரிமையைக் கொண்டே மாநகராட்சி வழக்காடி 1874இல் வென்றது. 1878இல் தனிச்சட்டம் பிறந்து, எப்பிங் காடு என்றென்றைக்கும் மக்களுக்கு என்றாயிற்று.

மலைப்பக்கத்தில் போராட்டம் இன்னும் கடினமாக இருந்தது. மான்செஸ்டர், ஷெஃபீல்டு நகரங்களின் ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமையன்று புகை மண்டலத்தை விட்டு வெளியேறினால், எதிரே நின்ற மேட்டு நிலமெல்லாம் பிரபுக்களின் வேட்டைக் காடு. 1932 ஏப்ரல் 24ஆம் நாள் ஏறத்தாழ நானூறு பேர், பென்னி ராத்மன் என்னும் இருபது வயது இளைஞரின் தலைமையில், கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டின்மீது தடையை மீறி ஏறினர். காவல்காரர்களோடு கைகலப்பு ஏற்பட்டது. ஐவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. நடந்ததற்காகச் சிறையா என்று நாடே கேட்டது. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. பொதுப்பாதைகளைப் படத்தில் குறித்துப் பதிவு செய்யும் கடமையும் அதனால் ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டு நவம்பர் 30இல், மலையும் புல்வெளியுமான திறந்த நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்னும் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது.

அந்தச் சட்டத்தின் மை காய்ந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. 2001 பிப்ரவரி 20ஆம் நாள், எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து இறைச்சிக்கூடம் ஒன்றிலிருந்த பன்றிகளுக்குக் கோமாரி கண்டிருப்பது உறுதியாயிற்று.

கோமாரி மாட்டுக்கு வரும். ஆட்டுக்கும் பன்றிக்கும் வரும். வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கிளம்பி, தீனி எடுக்காமல், நடக்க மாட்டாமல் கால்நடை வாடும். பெரும்பாலும் உயிர் பிழைத்துவிடும்; ஆனால் பால் வற்றும், எடை குறையும், அந்நாட்டு இறைச்சியை வேறு நாடுகள் வாங்க மறுக்கும். மனிதருக்கு இந்நோயால் பயமில்லை என்றே சொல்லலாம். ஆனால் கிருமி பூட்ஸின் அடியிலும் லாரிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு போகக்கூடியது. நோய்க்கு ஊற்றுக்கண்ணாக இருந்தது வடக்கே நார்தம்பர்லண்டில், ஹெடன் என்னும் ஊரிலிருந்த ஒரு பன்றிப் பண்ணை என்று பின்னர் கண்டனர். நன்கு கொதிக்கவைக்காத எச்சில் உணவுக் கழிவு பன்றிகளுக்குத் தீனியாகப் போடப்பட்டிருந்தது. அங்கிருந்து காற்றின் வழியாகக் கிருமி பக்கத்துப் பண்ணைச் செம்மறி ஆடுகளைப் பற்றியது. அவ்வாடுகள் பிப்ரவரி 13ஆம் நாள் ஹெக்ஸம் சந்தைக்குப் போயின. அங்கிருந்து நோய், கம்பிரியாவின் லாங்டவுன் என்னும் பெருஞ்சந்தையை அடைந்தது. லாங்டவுனிலிருந்து வியாபாரிகளின் லாரிகளில் ஏறித் தெற்கே டெவன் வரை, வடக்கே ஸ்காட்லாந்து வரை சென்றது. கால்நடைகளை இடம்விட்டு இடம் கொண்டுபோகலாகாது என்னும் தடை பிறந்தது பிப்ரவரி 23ஆம் நாள். அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் நோய் குடிபுகுந்திருந்தது.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். நோய் பயணம் செய்தது நெடுஞ்சாலையில், லாரியில், சந்தை வழியாக. ஆனால் பிப்ரவரி 27ஆம் நாள் அரசாங்கத்தார் செய்தது யாது? நோய் கண்ட இடமாயினும் காணாத இடமாயினும், தத்தம் எல்லைக்குள் உள்ள நடைபாதைகளையெல்லாம் ஒட்டுமொத்தமாக மூடிவிட உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் வழங்கினர். மன்றங்களும் தயங்கவில்லை. ஓரிரு வாரங்களில் கிராமப்புறப் பாதைகளில் மிகப் பெரும்பாலானவை அடைபட்டன. மீறி நுழைந்தால் 5,000 பவுன் வரை அபராதம். வனத்துறை ஆணையம் தன் காடுகளை மூடியது. கால்வாய்க் கரைகளும் மூடப்பட்டன. லண்டன் நகருக்குள்ளேயே மான்கள் திரியும் ரிச்மண்டு பூங்காவும் தப்பவில்லை. மூன்று நூற்றாண்டுகளாக வேலியோடு போராடிப் பெற்ற பாதைகள், கம்பத்தில் கட்டிய ஓர் அட்டையினால் ஒரே வாரத்தில் கைவிட்டுப் போயின. சிறைக்கு அஞ்சாத நடைப்பிரியர்களும் இம்முறை எதிர்க்கவில்லை. விளைநிலங்களின் பக்கம் போகாதீர்கள் என்று அவர்களுடைய சங்கமே தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது.

ஏன் எதிர்க்கவில்லை என்பதற்கு மலைநாட்டு ஆட்டுக்காரனின் நிலையைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். கம்பிரியாவின் ஏரி மாவட்டத்தில் மேட்டுநிலங்களுக்கு வேலி கிடையாது. ஹெர்ட்விக் என்னும் செம்மறிகள் வேலியில்லாமலே தத்தம் மந்தைக்குரிய மேட்டை விட்டு விலகாமல் மேயும். எது நம் மேடு, எது அயலான் மேடு என்பதைக் குட்டி தாயின் பின்னே திரிந்து கற்றுக்கொள்கிறது. அது வளர்ந்து தன் குட்டிக்குக் கற்பிக்கிறது. தலைமுறை தலைமுறையாக வந்த படிப்பு அது. ஒரு மந்தையை முழுவதும் கொன்றுவிட்டால், நஷ்ட ஈட்டுப் பணத்தில் வேறு ஆடு வாங்கலாம். அந்தப் படிப்பை வாங்க முடியாது. நோய் கண்ட பண்ணையில் மட்டுமின்றி அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலும் நல்ல ஆடுகளைச் சேர்த்துச் சுட்டுத் தள்ளிய காலம் அது. கம்பிரியாவில் மட்டும் எண்ணூற்றுக்கு மேற்பட்ட பண்ணைகளில் நோய் கண்டது. நகரத்திலிருந்து பூட்ஸ் காலோடு வருகிற ஒவ்வொருவனும் அந்த ஆட்டுக்காரனுக்கு யமதூதனாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அவனுடைய அச்சம் பொய்யன்று. அந்த அச்சத்துக்கு அரசாங்கத்தார் கண்ட மருந்துதான் பொருந்தவில்லை.

மாண்ட கணக்கு பயங்கரமானது. நாடு முழுவதும் 2,026 பண்ணைகளில் நோய் உறுதியாயிற்று. கொல்லப்பட்ட கால்நடைகள் அறுபது லட்சத்துக்கு மேல். எரிக்க விறகும் புதைக்க ஆளும் போதாமல் இராணுவத்தை அழைத்தனர். கம்பிரியாவில் கிரேட் ஆர்ட்டன் என்னுமிடத்தில், கைவிடப்பட்ட விமானத்தளம் ஒன்றில் குழிகள் வெட்டி நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட உடல்களைப் புதைத்தனர். மே 3ஆம் நாள் நடைபெறும் என்று எதிர்பார்க்கப்பட்ட பொதுத்தேர்தல் ஜூன் 7ஆம் நாளுக்குத் தள்ளிப் போயிற்று.

பாதை அடைத்ததன் விளைவு வேறொரு பக்கத்தில் வெடித்தது. கிராமம் என்றால் விவசாயம் என்று லண்டனிலுள்ள அதிகாரிகள் எண்ணியிருந்தனர். ஆனால் அக்கால இங்கிலாந்துக் கிராமம் பெரும்பாலும் வருகிற விருந்தாளியை நம்பிப் பிழைத்தது. மலையேற வருவோருக்கு அறை வாடகைக்கு விடும் விதவை, தேநீர்க் கடைக்காரர், சைக்கிள் வாடகைக்கு விடுபவர், பூட்ஸ் விற்பவர் ஆகியோரெல்லாம் மாடு வைத்திருப்பவர்கள் அல்லர். நடைபாதை மூடியதும் வசந்தகாலத்து வருமானம் முழுவதும் அவர்களுக்கு நின்றது. எரியும் மாட்டுப் பிணக் குவியல்களைத் தொலைக்காட்சியில் கண்ட அயல்நாட்டார் பிரயாணத்தையே ரத்துச் செய்தனர். அரசாங்கத்தின் தலைவர்கள் "கிராமப்புறம் திறந்திருக்கிறது, வாருங்கள்" என்று அழைத்தார்கள்; வந்தவர்களை "வழி அடைபட்டது" என்னும் அட்டை வரவேற்றது. சுற்றுலாவும் அதைச் சார்ந்த தொழில்களும் 450 கோடி பவுனுக்கு மேல் வருமானம் இழந்தன என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2002இல் கணக்கிட்டது. கொல்லப்பட்ட கால்நடைக்கு நஷ்ட ஈடாக அரசாங்கம் நூறு கோடி பவுனுக்கு மேல் கொடுத்தது. காலியாகக் கிடந்த அறைக்கு அதுபோன்ற ஈடு இல்லை. ஆட்டுக்காரனுக்கும் அறைக்காரிக்கும் இதனால் ஒரே கிராமத்துக்குள் மனத்தாங்கல் ஏற்பட்டது.

நடப்போர் காலடியினால் நோய் பரவும் அபாயம் மிகமிகச் சொற்பம் என்று நிபுணர்கள் ஆராய்ந்து சொன்னபோது பாதைகள் ஏற்கெனவே மூடிக் கிடந்தன. திறக்கலாம் என்று வழிகாட்டும் குறிப்புகள் பிறந்தன. ஆயினும் திறப்பது எளிதாக இல்லை. மூடும்போது ஒட்டுமொத்தமாக மூடியாயிற்று. திறக்கும்போதோ ஒவ்வொரு பாதையாக ஆராய்ந்து திறக்க வேண்டுமென்றனர். திறந்த மறுநாள் பக்கத்துப் பண்ணையில் நோய் கண்டால் பழி யார் தலையில் விழும்? திறக்காமல் இருப்பதற்காக எந்த அதிகாரியையும் எவரும் வேலையை விட்டு நீக்கப் போவதில்லை. ஆகவே திறப்பு கோடை முழுவதும் நொண்டி நொண்டி நடந்தது. கடைசி நோய் செப்டம்பர் 30ஆம் நாள் கண்டது.

டாக்டர் இயன் ஆண்டர்சன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2002 ஜூலையில் வெளிவந்தது. பாதைகளைக் கண்மூடித்தனமாக மூடியது கிராமப் பொருளாதாரத்துக்குப் பெருங்கேடு விளைத்த செயல் என்பது அதன்பின் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்தாயிற்று. நடப்போரால் நோய் தொற்றிய பண்ணை இதுதான் என்று எந்த விசாரணையிலும் எடுத்துக்காட்டப்படவில்லை. 2007 ஆகஸ்டில் சர்ரே மாவட்டத்தில் கோமாரி மீண்டும் தலைகாட்டியது. இம்முறை நோய் கண்ட பண்ணையைச் சுற்றி 3 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மட்டுமே பாதைகள் மூடப்பட்டன. மற்ற இங்கிலாந்து வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. எட்டுப் பண்ணைகளோடு நோய் ஒழிந்தது.

இந்த அனுபவத்தோடுதான் பிரிட்டன் 2020ஐ எதிர்கொண்டது. ஆனால் பழைய பாடத்தை அப்படியே ஒப்பிக்க முடியாத நிலை. 2001இல் நடப்பவன் கிருமியைப் பூட்ஸில் சுமக்கலாம் என்பது ஐயம் மட்டுமே. 2020இல் நடப்பவனே நோயாளியாக இருக்கலாம். மார்ச் 21, 22 ஆகிய சனி ஞாயிறுகளில், பள்ளிகளும் உணவுக்கடைகளும் மூடப்பட்டுவிட்ட நிலையில், நகரத்தார் கூட்டம் கூட்டமாக வேல்ஸ் நாட்டு ஸ்னோடோனியா மலைகளுக்குக் கார் ஏறிச் சென்றனர். நினைவு தெரிந்த நாள் முதல் அத்தனை கூட்டத்தைக் கண்டதில்லை என்று பூங்கா நிர்வாகத்தார் கூறினர். மலையுச்சியில் வரிசை நின்றது. கீழே இருந்த கிராமங்களிலோ முதியவர்கள் அதிகம், மருத்துவமனைகள் சிறியவை. மலையில் கால் முறிந்தவனைச் சுமந்து வர வேண்டியவர்களும் அக்கிராமத்துத் தொண்டர்களே.

வேல்ஸ் அரசாங்கம் ஓரிரு நாளிலேயே ஒரு விதி செய்தது. அதன் பெயரிலேயே நடைபாதை என்னும் சொல் இருந்தது. ஆனால் அது 2001இன் ஆணையைப் போன்றதன்று. மக்கள் பெருந்திரளாகக் கூடி நெருங்கும் பாதை எது, நோய்ப்பரவலுக்கு இடமளிக்கக்கூடிய நிலம் எது என்று பார்த்து அவற்றை மூடும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் வேறு சில அமைப்புகளுக்கும் அது தந்தது. அதன்படி ஸ்னோடன் மலையேறும் வழிகளும், தெற்கே பென்-இ-வான் சிகரத்து வழிகளும் அடைபட்டன. ஊரோரத்து எளிய பாதைகள் பல திறந்திருந்தன. மூடிய மலைகள் ஜூலை 6ஆம் நாள் திரும்பத் திறந்தன. காரணத்தைச் சொல்லி, இடத்தைக் குறித்து, பாதையை மூடிய சட்டம் இது. குறை சொல்ல இடமிருக்கலாம். கண்மூடித்தனம் என்று சொல்ல முடியாது.

இங்கிலாந்து வேறு வழியில் போயிற்று. பொதுப்பாதையை மூடும் அதிகாரமே அங்கு வழங்கப்படவில்லை. தன் நிலத்தின் ஊடே செல்லும் பாதையை அடைக்க நிலச்சொந்தக்காரருக்கு உரிமை இல்லை என்று அரசாங்கம் தெளிவாகவே அறிவித்தது. 2001இன் சூடு நினைவிருந்தது போலும்! ஆனால் சட்டம் மூடாததைப் போலீஸார் மிரட்டி மூடப் பார்த்தனர். மார்ச் 26ஆம் நாள் டார்பிஷயர் போலீஸார், கர்பர் எட்ஜ் என்னும் மலைவிளிம்பில் நாயோடு தனித்தும் இருவர் இருவராகவும் நடந்தவர்களை டிரோன் கொண்டு வானிலிருந்து படம் பிடித்து, இது அவசியமா என்று ஊருக்குக் காட்டினர். பக்ஸ்டனை அடுத்த நீலக்குட்டை ஒன்றுக்கு மக்கள் வராதிருக்க அதில் கறுப்புச் சாயத்தையே கொட்டினர். பரந்த மேட்டில் தனியே நடப்பவனால் யாருக்கு நோய் வரும் என்னும் கேள்விக்கு அந்தப் படத்தில் விடை இல்லை. திறந்த வெளியில் இக்கிருமி தொற்றுவது அடைத்த அறைக்குள் தொற்றுவதைவிட மிகக் குறைவு என்பது அவ்வாண்டு போகப்போக உறுதியாயிற்று.

அந்த மலைவிளிம்புக்குச் சில மைல் தொலைவில்தான் ஈம் என்னும் கிராமம் இருக்கிறது. 1665இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்கு வந்த துணிமூட்டையோடு பிளேக் அங்கு வந்தது என்பது ஊர் வழக்கு. 1666 ஜூன் மாதம் வில்லியம் மாம்பெஸன், தாமஸ் ஸ்டான்லி ஆகிய இரு பாதிரிமார்கள் ஊராரைக் கூட்டிப் பேசினர். அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நோயைக் கொண்டுபோகாதிருக்க ஊரார் எல்லையைத் தாண்டுவதில்லை என்று முடிவாயிற்று. எல்லைக்கல்லில் குடைந்த குழிகளில் காடி ஊற்றி அதற்குள் காசு போட்டு வைப்பார்கள். வெளியூரார் வந்து காசை எடுத்துக்கொண்டு உணவுப் பண்டத்தை வைத்துப் போவார்கள். நவம்பரில் நோய் தணிவதற்குள் ஏறத்தாழ 260 பேர் மாண்டனர். அங்கே பாதையை அடைத்தவர்கள் அந்தப் பாதையில் நடந்தவர்களே. யாருக்காக அடைக்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெளியே அவர்களுக்காகச் சோறு வைத்தவர்களும் இருந்தனர்.

போலந்தில் நடந்ததை இத்துடன் வைத்துப் பார்க்கலாம். அந்நாட்டின் 1991ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் எந்தெந்தக் காரணத்துக்காகக் காட்டை மூடலாம் என்று வரையறுத்திருக்கிறது. தீப்பிடிக்கும் அபாயம், மரங்களுக்குப் பெருஞ்சேதம், பெரிய அளவில் வெட்டுவேலை என்பன அவற்றுள் அடங்கும். மனிதருக்கு வரும் கொள்ளைநோய் அப்பட்டியலில் இல்லை. ஆகவே எந்தச் சட்டத்தின் பேரில் காட்டை மூடினீர்கள் என்று அந்நாட்டு மனித உரிமை ஆணையரே கேள்வி எழுப்பினார். பூங்காவையும் கடற்கரையையும் ஏப்ரல் முதல் தேதியே மூடியாயிற்று. பிறகு காட்டையும் மூடினால், அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைக்குள் குழந்தைகளோடு கிடப்பவன் எங்கே போவான்? மரத்துக்கு ஒருவராக நின்றாலும் இடம் மிஞ்சும் காட்டில் நெரிசல் எங்கே? நெரிசல் கார் நிறுத்துமிடத்தில் என்றால் அவ்விடத்தைக் கவனித்திருக்கலாம். பதினேழு நாளில் தடையை எடுத்தனர். ஏப்ரல் 20ஆம் நாள், நோய் முற்றும் தணியாதிருந்தபோதே, கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் முதற்படியாகக் காடுகளைத்தான் திறந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் மே 13ஆம் நாள், திறந்தவெளியில் உலாவ எவ்வளவு தூரமும் காரில் போகலாம் என்னும் அனுமதி வந்தது. அதற்கு முன்னரே ஏப்ரல் 24ஆம் நாள் கடந்து போயிற்று. கிண்டர் ஸ்கவுட் மேட்டின்மீது நானூறு பேர் ஏறி எண்பத்தெட்டு ஆண்டுகள் நிறைந்த நாள் அது. அன்று கிண்டர் பாதையில் தடை அட்டை எதுவும் இல்லை; சட்டப்படி பாதை திறந்தே இருந்தது. ஆனால் அடிவாரத்துக் கார் நிறுத்துமிடங்கள் மூடப்பட்டிருந்தன. ரயில் வண்டியில் அவசியமின்றி ஏற வேண்டாம் என்று அறிவுறுத்தியிருந்தனர். அடிவாரத்தில் வீடு வைத்திருந்தவர்கள் கதவைத் திறந்து காலார நடந்து மேட்டுக்குப் போய் வந்தனர். 1932இல் வேலிக்கு வெளியே நின்ற மான்செஸ்டர்க்காரர்கள் அன்றும் மான்செஸ்டரிலேயே இருந்தனர்.